மழை மட்டுமா மலையைச் சரிக்கிறது? உயிர்மாய்ப்பின் ஆபத்துக் காரணிகள்: ஓர் எளிய அறிமுகம்

நம் பத்திரிகைகளில் 'ஆல்' என்ற வேற்றுமை உருபு செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. "கைப்பேசி வாங்கித் தராததால் மாணவன் தவறான முடிவு." "கடன் தொல்லையால் குடும்பஸ்தர் தவறான முடிவு." ஒரு வரி, ஒரு காரணம், அதோடு சரி.

மரண வீட்டிலும் இதே கதைதான். இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் சாயத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்படி என்னாதான் நடந்திச்சு?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். ஒரு காரணம் அகப்படும்வரை யாருக்கும் மனம் ஆறாது. அகப்பட்டதும் அந்தக் காரணத்துக்கு ஓர் ஆள் பொறுப்பாகிவிடுவார். மனைவியாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பரீட்சை பெறுபேற்றைப் பார்த்து ஏசிய டீச்சராக இருக்கலாம். அவர் ஆயுள் முழுக்க அதைச் சுமப்பார்.

ஆனால் அதே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கைப்பேசி கிடைக்காத பிள்ளைகள் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். அதே கம்பெனியில் அதே நுண்கடனை எடுத்து அதே திங்கட்கிழமை தவணைக்கு ஒளிந்து திரிந்தவர்கள் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, ஏன்? இந்தக் கேள்வியில் இருந்துதான் 'ஆபத்துக் காரணி' என்ற கருத்து தொடங்குகிறது.

அதற்குள் போகுமுன் ஒன்று. இதை வாசிக்கும் உங்களுக்கே இந்த நாட்களில் வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வந்து போகிறது என்றால், கட்டுரை கிடக்கட்டும். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது, தமிழில் பேசலாம். 1333 என்ற இலவச ஆலோசனை இலக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு 14416.

இனி விஷயத்துக்கு வருவோம். மலையில் பிறந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க மண்சரிவை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. கேட்டால் "மழையால்" என்போம். அன்று நாடு முழுக்க எத்தனையோ மலைகளில் மழை பெய்தது, எல்லாம் சரியவில்லை. அந்த இடத்தின் சரிவு, மண்ணின் தன்மை, தண்ணீர் வடிந்தோடும் விதம் எல்லாம் முன்பே ஒன்று கூடியிருந்தன. இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்தும் இருந்தார்கள். மழை கடைசியாக வந்து சேர்ந்த ஒன்று, அவ்வளவுதான்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் ஒரு தோட்டத்துக்கு வந்தால் என்ன பார்க்கிறார்கள்? மலை எவ்வளவு செங்குத்து, கான் (மழைத்தண்ணீர் ஓடும் வடிகால்) அடைத்திருக்கிறதா, மேலே மரம் இருக்கிறதா வெட்டிவிட்டார்களா என்று பார்க்கிறார்கள். இவை ஆபத்துக் காரணிகள். மழை தூண்டுதல். சுவரில் புதிதாக விழுந்த வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் வேரும் நன்றாக வெட்டிய கானும் காப்புக் காரணிகள். இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் உயிர்மாய்ப்பு பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆபத்துக் காரணி வருடக்கணக்கில் இருப்பது. தூண்டுதல் இன்று மாலை நடப்பது. அறிகுறி நம் கண்ணுக்குத் தெரிவது. காப்பு, நாம் போடக்கூடியது.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் ராஜு என்று இருக்கட்டும், வயது 42, தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டம். ஆள் கற்பனை, ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தவர் போலத்தான் இருப்பார். சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். மனைவி மூன்று வருடமாகக் குவைத்தில். முதுகு வலியால் வேலைக்குப் போகும் நாட்கள் குறைந்துவிட்டன. தீபாவளி முற்பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிறார்கள். மாலையானால் குடி. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தடவை உயிரை விடப் பார்த்து, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர். ஒரு சனிக்கிழமை, கடையில் எல்லாருக்கும் முன்னால் கடன் கொப்பியைக் காட்டி முதலாளி ஏதோ சொல்லிவிட்டார்.

நாளை ராஜுவுக்கு ஏதாவது நடந்தால் ஊர் முழுக்கக் கடை முதலாளியைத்தான் பேசும். அவர் சொன்னது மழை. மலை முப்பது வருடமாக நனைந்துகொண்டிருந்தது.

சரி, ராஜுவின் பட்டியலில் எது கனமானது? யாரைக் கேட்டாலும் கடன் என்பார்கள். ஆய்வுகள் காட்டுவது ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்த ஆஸ்பத்திரி நாளை. முன்பு ஒருமுறை முயன்றிருப்பதுதான் தனிநபர் அளவில் மிக வலுவான ஆபத்துக் காரணி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் ஊரில் அதற்குக் கிடைக்கும் பெயர் "சும்மா மெரட்டுனான்", "நடிப்பு". பிழைத்து வந்தவர் சீரியஸாக இல்லை என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அவர்தான் கவனம் அதிகம் தேவைப்படுபவர்.

அதற்கு அடுத்து மனநோய்கள், குறிப்பாக மனச்சோர்வு. இது நம் பக்கம் 'மனச்சோர்வு' என்ற பெயரோடு வருவதில்லை. கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா தோட்டத்து டிஸ்பென்சரியில் போய், "மனசு சரியில்ல" என்று சொல்லமாட்டார். "தல சுத்துது, கை காலு ஓயுது, ராவுல தூக்கம் இல்ல, நெஞ்சு படபடங்குது" என்பார். பெனடோல் கிடைக்கும், சிலவேளை விற்றமின். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே வரிசையில் நிற்பார். உடம்பு வலி என்று திரும்பத் திரும்ப வருகிற ஒருவரிடம், தூக்கம், சாப்பாடு, விருப்பமான வேலையில் மனம் போகிறதா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், பல பேருடைய நிலை வெளியே வந்துவிடும். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை. கயிறும் இருக்கட்டும், கிளினிக்கும் இருக்கட்டும்.

குடி இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. குடிப்பவருக்கு அது அவசரப் புத்தியைக் கூட்டி, நிதானத்தைக் குறைக்கிறது. அதே குடி வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அடி, அவமானம், பட்டினி என்று வேறு காரணிகளாக வந்து சேர்கிறது. இலங்கையில் உயிர்மாய்ப்பால் இறப்பவர்களில் பெரும்பகுதி ஆண்கள். ஆனால் முயன்று ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் இளம் பெண்கள் கணிசமானோர்.

தீராத வலி, கடன், பிரிவு, சிறுவயதில் பட்ட துன்புறுத்தல், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவரை இப்படி இழந்திருப்பது, முதுமையில் தனிமை என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. ஒன்றோடொன்று சேரும்போதுதான் இவற்றின் பாரம் கூடுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். முதுகு வலி தனியாக யாரையும் கொல்வதில்லை. வலியால் வேலை போய், வேலை போனதால் கடன் வந்து, கடனால் குடி கூடி, குடியால் மனைவியின் அழைப்பும் குறைந்து போனால், அப்போது அது வேறு விஷயம்.

தோட்டத்து வாழ்க்கைக்கென்று ஒரு விசித்திரம் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, இடையில் ஒற்றைச் சுவர். ஒரு வீட்டுச் சண்டை எட்டு வீட்டுக்கும் கேட்கும். ஆனால் மறுநாள் காலை எட்டு வீட்டில் ஒருவரும் "என்னா நடந்திச்சு?" என்று கேட்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும் என்பதே வெட்கத்தைக் கூட்டுகிறது. அதே நெருக்கம் காப்பாகவும் மாறக்கூடியது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் தெரிந்துவிடுகிற இடம் இது. கொழும்பில் தனி அறையில் தங்கி கடையில் வேலை செய்கிற நம் பையனுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது ஓர் எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆபத்துக் காரணிகள் ஜாதகம் அல்ல. ஐம்பது வருடங்களில் வந்த 365 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு பெரிய மீளாய்வு 2017இல் வெளிவந்தது. இந்தக் காரணிகளை வைத்து இன்னார் இறப்பார் என்று கணிப்பது, பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அது கண்டது. ராஜுவைப் போன்ற நூறு பேரில் மிகப் பெரும்பாலானோர் வயதாகித்தான் இறப்பார்கள். ஆகவே பட்டியலை வைத்துக்கொண்டு யாரையும் "இவன் ஒருநாள் செய்யத்தான் போகிறான்" என்று முத்திரை குத்தக்கூடாது. பட்டியலில் எதுவும் இல்லாதவர் வாய்விட்டுச் சொல்லும்போது "உனக்கென்ன குறை?" என்று தட்டிவிடவும் கூடாது.

அப்படியென்றால் இவற்றைத் தெரிந்து என்ன பயன்? எங்கே கான் வெட்டுவது என்று தெரியும். இதற்கு உலகமே உதாரணம் காட்டுகிற நாடு நம் நாடுதான், நமக்குத்தான் அது தெரியாது.

1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் உயிர்மாய்ப்பால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அடுத்த இருபது வருடங்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக இறங்கியது. நாடு அவ்வளவு சந்தோஷமாகிவிட்டதா? போர் 2009 வரை நடந்தது. குடி குறையவில்லை. வேலையின்மை, விவாகரத்து, போர் நடந்த வருடங்கள் என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள், எதுவும் இந்த வீழ்ச்சியோடு பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றுதான். 1984இலும் 1995இலும், அப்புறம் 2008க்குப் பிறகும், மிக நச்சான விவசாய மருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. முயல்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். 1995 முதல் 2015 வரை இப்படித் தப்பிய உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

"சாகணும்னு நெனச்சவன் எப்பிடியும் செத்துருவான்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கணக்கு அது பிழை என்கிறது. அந்த வேகம் அநேகமாக நீடிப்பதில்லை. நம் நாட்டில் முயன்று பிழைத்தவர்களிடம் கேட்டபோது, அரைமணி நேரம்கூட யோசிக்கவில்லை என்று சொன்னவர்கள் ஏராளம். அந்த அரைமணியில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதும் ஓர் ஆபத்துக் காரணி. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிற்பாடு அந்த வழியில் இறப்பதும் இல்லை. பத்திரிகையின் 'முடிவு' என்ற சொல் எனக்குப் பிடிக்காமல் போனதற்கும் இதுவே காரணம். பெட்டிக்கடை முன்னால் அவமானப்பட்டு வந்த ஒருவரின் தலைக்குள் நடக்கும் அந்த இருபது நிமிடத்தை முடிவு என்று எப்படிச் சொல்வது?

விவசாய மருந்துப் போத்தலைப் பூட்டி வைத்தால் போதாதா என்றும் பார்த்திருக்கிறார்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள், மீதிக்குக் கொடுக்கவில்லை. 2017இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. சாவி வீட்டில்தானே இருக்கிறது! கந்தப்பளையிலும் வெலிமடையிலும் மரக்கறித் தோட்டம் செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தேவைக்கு மட்டும் வாங்கி அன்றே அடித்து முடிப்பது, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பது, வீட்டில் ஒருவர் மோசமான நிலையில் இருந்தால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவது என்று செய்யலாம். கிளினிக்கில் கொடுக்கும் ஒரு மாத மாத்திரைகளையும் வீட்டில் இன்னொருவர் எடுத்து வைத்து அன்றாடம் கொடுப்பது நல்லது.

இனி அறிகுறிகள். சுவர் வெடிப்பு. நம் பேச்சில் அது இப்படித்தான் விழும்: "நா இருந்து யாருக்கு என்னா பிரயோசனம்", "நா போயிட்டா ஒங்களுக்கு நிம்மதி", "எல்லாத்தையும் முடிச்சிக்கிட்டா சரி". தூங்காமல் இருப்பது, திடீரென்று குடி கூடுவது, ஆட்களைத் தவிர்ப்பது, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, காரணமே இல்லாமல் விடைபெறுவது போலப் பேசுவது. வெகுநாள் குழம்பியிருந்தவர் ஒரே இரவில் அமைதியாகிவிட்டால் அதையும் கவனிக்க வேண்டும்.

மண்சரிவு உதாரணம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மலையிடம் போய் "சரியப் போறியா?" என்று கேட்க முடியாது. மனிதரிடம் கேட்கலாம். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேராகக் கேட்டால் அநேகருக்குப் பாரம் இறங்குகிறது. "மாமா, ரெண்டு மூணு நாளா பாக்குறேன், நீங்க நீங்களா இல்ல. உசுர விட்டுறலாம்னு நெனப்பு வருதா?" இப்படியே கேட்கலாம். சுற்றி வளைத்து, "அப்பிடியெல்லாம் நெனக்கலதானே?" என்று கேட்காதீர்கள். அதில் பதில் நீங்களே சொல்லிக் கொடுத்தது.

'ஆமாம்' என்று வந்தால் அதிர்ச்சியைக் காட்டாமல், புத்தி சொல்லாமல், கேளுங்கள். "புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க" என்பது நமக்கு ஆறுதலாகப் படும், அவர் காதில் குற்றச்சாட்டாக விழும். அவரைத் தனியே விடாதீர்கள். ஏதாவது நடந்துவிட்டது என்றால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். அவ்வளவு அவசரம் இல்லையென்றால் கூடவே பஸ் ஏறி அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், மனநல கிளினிக்குக்கு அங்கே வழிகாட்டுவார்கள். நீங்கள் கூட இருந்தால் வரிசையில் நிற்பது பாதிச் சுலபம். "பொலிஸ் கேஸ் ஆயிரும்" என்ற பயத்தில் மறைத்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வருபவர். அந்த முதல் வாரங்களும் மாதங்களும் ஆபத்து கூடிய காலம். நம் லயத்தில் அப்போதுதான் எல்லாரும் கண்ணைத் திருப்பிக்கொள்வோம். என்ன பேசுவது என்று தெரியாது, வெட்கம் வேறு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு செய்தது. கொழும்பும் சென்னையும் அதில் இருந்தன. முயன்று பிழைத்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழமையான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணிநேரப் பேச்சும், அப்புறம் ஒன்பது தடவை போன் எடுத்தோ நேரில் போயோ "எப்படி இருக்கிறீர்கள்" என்று விசாரிப்பதும். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 சதவீதம் உயிர்மாய்ப்பால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம்.

அதைச் செய்தவர்கள் மருத்துவர்களும் தாதிமாரும் உளவியலாளர்களும். நம் தோட்டத்தில் அப்படி வருவதற்கு ஆள் இல்லாமல் போகலாம். பக்கத்து வீட்டுக்காரர் அவர்களுக்கு ஈடாகமாட்டார், ஆனாலும் நாள் கணக்கைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். சுவரில் தொங்கும் கோயில் கலண்டரில் ஒன்பது புள்ளி. ராஜு போன்ற ஒருவர் இந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால், முதல் புள்ளி அடுத்த வெள்ளி. அன்று போகும்போது நடந்ததைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றில்லை. ரொட்டி சுட்டால் இரண்டு கூடச் சுட்டு எடுத்துப் போகலாம்.